கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

தபால்தலையும் கார்டும் சேகரிக்கும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்களில் பெரும்பாலோரை நான் நேரில் அறியேன். ஆயினும், பள்ளிச் சங்கங்களில் கூடி ஆல்பங்களைப் பரிமாறிக்கொள்ளும் மாணவர்களும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பழைய ஆசையை மீண்டும் கையிலெடுத்திருக்கும் பெரியவர்களும், பாட்டனார் வைத்துவிட்டுப் போன டிரங்குப் பெட்டியைத் திறந்து, அதில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் காகிதங்களை என்ன செய்வதென்று திகைத்து நிற்பவர்களுமாகிய உங்கள் அனைவரிடமும் ஒரே ஒரு விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க வேண்டுமென்ற எண்ணம் நெடுநாளாக எனக்கு உண்டு. பழைய கார்டிலும் உறையிலும் ஒட்டியிருக்கும் தபால்தலையைக் கத்தரித்து எடுக்காதீர்கள். தண்ணீரில் ஊறவைத்து உரிக்காதீர்கள். கார்டை முழுக் கார்டாகவும் உறையை முழு உறையாகவும் வைத்துக் காப்பாற்றுங்கள் என்பதே அவ்விண்ணப்பம்.

இவ்வாறு நான் கேட்பது உங்களில் சிலருக்கு விந்தையாகத் தோன்றக்கூடும். தபால்தலை சேகரிப்பது என்றாலே, உறையின் மூலையை வெட்டி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, காகிதம் பிரிந்ததும் இடுக்கியால் எடுத்துச் செய்தித்தாளின்மீது உலர்த்தி, அச்சடித்த ஆல்பத்தில் அந்தந்தத் தேசத்துக்குரிய கட்டத்தில் ஒட்டுவதுதான் என்று நமக்குச் சிறு பிராயத்திலேயே கற்பிக்கப்பட்டிருக்கிறது. அக்கட்டங்கள் நிரம்ப நிரம்ப மனத்தில் எழும் சந்தோஷம் பொய்யானதன்று. பாடப் புத்தகத்தில் கசந்த பூகோளத்தையும் சரித்திரத்தையும் எத்தனையோ குழந்தைகளுக்கு இனிக்கச் செய்தது அந்த ஆல்பமே. ஆனால் கட்டம் கேட்பது தபால்தலையை மட்டுமே. அத்தபால்தலை எந்தக் கடிதத்தைச் சுமந்துகொண்டு எந்தக் கடலைக் கடந்தது என்று அது விசாரிப்பதில்லை. கோயில் மதிற்சுவரிலுள்ள கல்வெட்டில் அரசனுடைய மெய்க்கீர்த்தி பொறித்த கல்லை மட்டும் பெயர்த்துக்கொண்டு, எந்த ஊரார் எந்த நிலத்தை எதன் பொருட்டு எந்த ஆண்டில் தானம் செய்தார்கள் என்ற பகுதியை உடைத்தெறிபவனைச் சாசன ஆராய்ச்சியாளர் என்னவென்று சொல்லுவாரோ, அதையே நாளைக்குத் தபால் சரித்திரம் எழுதப் புகுவோரும் நம்மைப் பற்றிச் சொல்ல நேரும்.

உலகத்தில் மிகவும் பிரசித்தி பெற்ற தபால்தலையையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் கயானாவில் 1856-ஆம் வருஷம், இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய தபால்தலைகள் வந்து சேராமையால் உள்ளூர்ப் பத்திரிகை அச்சகம் ஒன்றில் அவசரமாக அச்சிடப்பட்ட ஒரு சென்டு தபால்தலை அது. அதில் இன்று உலகில் அறியப்பட்டிருப்பது ஒன்றே ஒன்று. 1873-இல் 12 வயதுச் சிறுவன் ஒருவன் குடும்பத்துப் பழைய காகிதங்களிடையே அதைக் கண்டெடுத்துச் சில ஷில்லிங்குகளுக்கு விற்றான்; 2014-இல் நியூயார்க்கு ஏலத்தில் அது 90 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. நான்கு மூலைகளும் கத்தரிக்கப்பட்டு எண்கோணமாக நிற்கும் அத்தபால்தலையில் அந்நாட்டிலுள்ள தெமராராவின் தபால் முத்திரையும், உத்தியோகஸ்தர் ஒருவர் மையினால் இட்ட சுருக்கொப்பமும் இருக்கின்றன. ஆனால் அதை ஒட்டி அனுப்பியவர் யார், அது போய்ச் சேர்ந்த வாசல் எது என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய காகிதம் நம்மிடம் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் கூறுகிறேன். மொரீஷியஸ் தீவில் 1847-இல் வெளியான ‘போஸ்ட் ஆபீஸ்’ தபால்தலைகளில் இன்று எஞ்சியிருப்பவை 27 மாத்திரமே. அவற்றுள் இரண்டு, பம்பாய் பைபிள் சங்கத்தின் காரியதரிசிக்கு 1850-ஆம் வருஷம் ஜனவரி மாதம் எழுதப்பட்ட ஒரு கடிதத்தின்மேல், ஒட்டியவர் ஒட்டியபடியே இருக்கின்றன. 1897-இல் இந்தியக் கடைத்தெரு ஒன்றில் அது கண்டெடுக்கப்பட்டபோது, கண்டவர் கை கத்தரிக்கோலை நாடியிருந்தால் உலகத்துக்கு அழகான இரண்டு தபால்தலைகள் கிடைத்திருக்கும். கரும்புத் தோட்டங்கள் நிறைந்த அந்தத் தீவுக்கும் பம்பாய்த் துறைமுகத்துக்கும் இடையே நூற்றெழுபது வருஷங்களுக்கும் முன் ஒரு கடிதம் எவ்வாறு, என்ன கட்டணத்தில், எவர் பொருட்டுப் பிரயாணம் செய்தது என்பதற்குரிய சாட்சி அழிந்திருக்கும்.

தூரதேசத்துச் செல்வந்தர்களின் பெட்டகங்களைப் பற்றிய இந்தப் பேச்சு நமக்கெதற்கு என்று நீங்கள் நினைக்க வேண்டாம். செட்டிநாட்டிலும், இராமநாதபுரம், தஞ்சாவூர், நாகப்பட்டினப் பகுதிகளிலும் உள்ள பழைய வீடுகளின் பரண்களில் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் சைகோனிலிருந்தும் வந்த கடிதங்கள் இன்னும் கிடக்கின்றன. அவற்றுள் ரங்கூன் கடிதங்களைப் பற்றித்தான் உங்களிடம் விரிவாகப் பேச விரும்புகிறேன். 1937-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் தேதி பர்மா இந்தியாவினின்றும் பிரிக்கப்படும்வரையில், அத்தேசத்துத் தபாலாபீசுகளில் விற்பனையானவை நம்முடைய இந்தியத் தபால்தலைகளே. ரங்கூன் மொகல் தெருவிலிருந்து ஒரு செட்டியார் தம் ஊருக்கு எழுதிய கடிதத்திலும், மதுரை மேலமாசி வீதியிலிருந்து ஒரு ஜவுளி வியாபாரி எழுதிய கடிதத்திலும் இருப்பது அதே ஜார்ஜ் மன்னரின் தலை, அதே நிறம், அதே விலை. தபால்தலையை உரித்துத் தனியே வைத்துவிட்டால், அது ஐராவதி நதிக்கரையில் விற்றதா, வைகைக் கரையில் விற்றதா என்று பிரம்மதேவனாலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது முத்திரை ஒன்றே. அந்த முத்திரையிலோ பாதி தபால்தலையின்மேலும் மறுபாதி உறையின்மேலும் விழுந்திருக்கும்.

பர்மா மட்டுமன்று. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்றிடங்களிலும் 1867 வரையில் இந்தியத் தபால்தலைகளே வழங்கின; அக்காலத்துக் கடிதமொன்றில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தும் 172 என்ற இலக்கமும் கொண்ட முத்திரை காணப்பட்டால் அது சிங்கப்பூர்த் தபாலாபீசைக் கடந்து வந்தது என்று அறிகிறோம். ஏடனில் 1937 வரையிலும், பஹ்ரெயின், மஸ்கட் முதலிய பாரசீக வளைகுடாத் துறைமுகங்களில் அதற்குப் பின்னரும் இந்தியத் தபால்தலைகள் புழங்கியிருக்கின்றன. வெளிதேசங்களில் புழங்கிய இந்தியத் தபால்தலைகள் என்பது இப்போது ஒரு தனித் துறையாகவே வளர்ந்து, அதற்கென்று நூல்களும் தோன்றி, நிபுணர்களும் உருவாகியிருக்கிறார்கள். அத்துறைக்கு வேண்டிய மூலப்பொருள் நம் பாட்டன்மார் பெட்டிகளில் இருக்கிறது என்பதையும், அதை நாமே வெட்டித் துண்டாக்கி வருகிறோம் என்பதையும் எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே துயரம் உண்டாகிறது.

இன்னொன்று. அநேக வீடுகளில் வந்த கடிதங்களைக் கம்பியில் குத்தி மாட்டி வைப்பது வழக்கமாயிருந்தது. ஆகையால் கார்டின் நடுவில் ஒரு துளை இருக்கும், வியாபாரிகள் அதை ஊனமாகக் கருதி விலையைக் குறைப்பார்கள். துளையைக் கண்டு அதை ஒதுக்காதீர்கள். கம்பியில் ஏறிய வரிசைதான் வந்த வரிசை. ஒரே குடும்பத்துக்கு வந்த கடிதங்கள் ஒன்றாக இருக்கும்போது, தனித்தனியே எந்தக் கடிதமும் சொல்லாத செய்தியை அவை சேர்ந்து சொல்லுகின்றன. மாதம் தவறாமல் ரங்கூனிலிருந்து வந்துகொண்டிருந்த கார்டுகள், அந்நகரத்தின்மேல் குண்டு விழுந்த 1941 டிசம்பரோடு நின்றுவிட்டிருந்தால், அந்த இடைவெளியும் சரித்திரமே. கட்டைப் பிரித்து நல்ல தபால்தலையுள்ளவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றவற்றைப் பழைய காகிதக்காரனிடம் போடுபவர், இடைவெளி எங்கே விழுந்தது என்பதைத் தாமும் அறியமாட்டார், பிறரையும் அறியவிடமாட்டார்.

முத்திரையின் மகிமையை விளக்க, அலகாபாத் நகரத்தில் நடந்த ஒரு சம்பவத்தைக் காட்டிலும் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1911-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 18-ஆம் தேதி, அங்கே நடந்த பொருட்காட்சியை ஒட்டி, ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி ஏறத்தாழ 6500 கடிதங்களையும் கார்டுகளையும் தம் சிறு விமானத்தில் ஏற்றிக்கொண்டு, யமுனையைக் கடந்து, சுமார் ஆறு மைல் தொலைவிலுள்ள நைனியில் இறங்கினார். உலகத்திலேயே அரசாங்கத் தபால் விமானத்தில் சென்றது அதுவே முதல் முறை. அத்தபாலுக்கென்று தனித் தபால்தலை எதுவும் அச்சிடப்படவில்லை. எந்தக் கிராமத்துத் தபாலாபீசிலும் கிடைத்த சாதாரணத் தபால்தலைகளே ஒட்டப்பட்டன. முதல் ஆகாயத் தபால் என்று பொறித்து, மலைகளின்மேல் விமானம் பறக்கும் சித்திரத்தோடு செய்த ஒரு பெரிய வட்ட முத்திரைதான் அவற்றை மற்ற கோடானுகோடி கடிதங்களிலிருந்து வேறுபடுத்துகிறது. அந்தக் கார்டு ஒன்று கிடைத்து, அதிலிருந்து தபால்தலையை ஊறவைத்து எடுத்த ஒருவருக்கு மிஞ்சுவது என்ன? எட்வர்டு மன்னரின் தலையும் வளைந்த கோடு ஒன்றும் மிஞ்சும். விமானம் தண்ணீரோடு போய்விடும்.

பசிபிக் சமுத்திரத்தில் டோங்கா ராஜ்யத்தைச் சேர்ந்த நியுவாஃபோ என்னும் தீவின் கதையும் இத்தகையதே. எரிமலையின் உச்சியே தீவாக நிற்கும் அவ்விடத்தில் கப்பல் நங்கூரமிடத் துறை இல்லை. ஆதலால் கப்பல்கள் சற்றுத் தூரத்தில் நின்று, கடிதங்களைத் தகரப் பெட்டியில் அடைத்துக் கடலில் போட, தீவு மக்கள் நீந்திச் சென்று எடுத்து வந்தார்கள். 1931-இல் நீந்திச் சென்ற ஒருவரைச் சுறாமீன் கொன்றபின் நீச்சல் கைவிடப்பட்டுத் தோணிகள் சென்றன. அங்கே குவென்செல் என்ற ஜெர்மானிய வணிகர், தீவிலிருந்து புறப்படும் உறைகளில் ‘தகர டப்பாத் தபால்’ என்ற பொருள்படப் பல பாஷைகளில் ரப்பர் முத்திரைகளைக் குத்தி அனுப்பினார். உறையின் முகப்பெங்கும் நிறைந்திருக்கும் அம்முத்திரைகளை விட்டு, டோங்காவின் தபால்தலையை மட்டும் எடுத்து ஆல்பத்தில் வைப்பவர் ஆல்பத்தில் வைப்பது டோங்காவை மட்டுமே. நியுவாஃபோ குப்பைக்குப் போகிறது.

1840-ஆம் வருஷம் ரோலண்டு ஹில்லின் சீர்திருத்தத்தால் இங்கிலாந்தில் பிறந்த முதல் தபால்தலையாகிய கறுப்புப் பென்னி ஒரு வருஷத்துக்குள்ளேயே சிவப்பாக மாறியதற்குக் காரணமும் முத்திரைதான்: கறுப்பின்மேல் இட்ட சிவப்பு மையைத் துடைத்துவிட்டு அதே தபால்தலையை மீண்டும் ஒட்டுவது எளிதாயிருந்தது, ஆகவே தபால்தலையைச் சிவப்பாக்கி முத்திரையைக் கறுப்பாக்கினார்கள். தபால்தலைக்கு அருமையைத் தருவதும் முத்திரையே. பணத்தின் மதிப்பு அடியோடு சரிந்துகிடந்த 1923 நவம்பரில் ஜெர்மனி 5000 கோடி மார்க் மதிப்புள்ள தபால்தலை வெளியிட்டது. அது பயன்படாத நிலையில் இன்றும் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. அந்த வாரத்துக் கட்டணம் சரியாக ஒட்டப்பட்டு, அந்த நாளின் முத்திரை விழுந்து, தபாலில் உண்மையாகவே சென்ற கடிதம்தான் அருமை. ரொட்டி வாங்கக் கூடை நிறையப் பணம் சுமந்த ஜனங்கள் பட்ட பாட்டைக் கண்ணால் காண்பதற்கு அந்தக் கடிதம் வேண்டும்.

கார்டு சேகரிப்பவர்களுக்கும் இதையே வேறு முறையில் சொல்ல வேண்டியிருக்கிறது. எமானுவேல் ஹெர்மன் என்ற ஆஸ்திரியப் பொருளாதார ஆசிரியர், இரண்டு வரிச் செய்திக்கு உறையும் அரக்கும் முழுக் கட்டணமும் எதற்கு என்று 1869-ஆம் வருஷம் ஜனவரியில் வியன்னாப் பத்திரிகையொன்றில் எழுதினார். அவ்வருஷம் அக்டோபர் முதல் தேதியே ஆஸ்திரிய-ஹங்கேரி அரசாங்கம் தபால் கார்டை வெளியிட்டது. மூன்று மாதங்களில் ஏறத்தாழ 30 லட்சம் கார்டுகள் விற்றன. பத்து வருஷத்துக்குள், 1879-இல், இந்தியாவுக்கும் அது வந்து சேர்ந்தது. கடிதத்துக்கு அரையணா இருந்த காலத்தில் கார்டு கால் அணா. பெஷாவரிலிருந்து தூத்துக்குடிவரை அந்தக் கால் அணாவே போதும். பிறகு படக்கார்டுகள் பரவின. சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் கம்பெனியும், கொழும்பில் பிளேட் கம்பெனியும் வெளியிட்ட கார்டுகள் இன்று உலகெங்கும் தேடப்படுகின்றன. ஆனால் வாங்குவோர் பெரும்பாலும் படத்தைப் பார்த்துவிட்டுக் கார்டைத் திருப்புவதேயில்லை. படத்தின்மேல் கையெழுத்து ஓடியிருந்தால் கெட்டுப்போனது என்று தள்ளிவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்து ஏன் அங்கே வந்தது? பின்புறத்தில் விலாசம் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது என்பது அன்றைய விதி. 1902-இல் பிரிட்டனும், 1905-இல் ஜெர்மனியும், 1907-இல் அமெரிக்காவும் பின்புறத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைச் செய்திக்கு விட்டுக்கொடுத்தன. ஆகவே தேதியில்லாத கார்டுக்கும் காலம் கணிக்க அதன் முதுகே துணை.

தபால்தலையே இல்லாத கார்டுகளையும் நீங்கள் புறக்கணிக்கலாகாது. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் ராணுவம் போர்க்களத்துச் சிப்பாய்களுக்கு ஓர் அச்சடித்த கார்டைக் கொடுத்தது. ‘நான் நலமாக இருக்கிறேன்’, ‘ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்’, ‘உன் கடிதம் கிடைத்தது’ என்பன போன்ற வாக்கியங்கள் அதில் வரிசையாக இருக்கும். பொருந்தாதவற்றை அடித்துவிட்டுக் கையொப்பமும் தேதியும் மட்டும் இடலாம். வேறு ஒரு சொல் சேர்த்தாலும் கார்டு அழிக்கப்படும் என்று அதன் தலைப்பிலேயே எச்சரிக்கை இருந்தது. கட்டணமில்லாததால் தபால்தலை இல்லை. ஆகவே ஆல்பக்காரருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. எந்த வரி அடிபடாமல் நின்றது என்று ஒரு தாய் தேடிப் பார்த்த அந்தக் கார்டைவிட மதிப்புடைய காகிதம் எந்த ஆல்பத்தில் இருக்கப்போகிறது?

நம் நாட்டுக் கார்டுகளுக்கு உரிய ஒரு தனி விஷயத்தையும் இங்கே கூறியாக வேண்டும். சுபச் செய்தி தாங்கிய கார்டின் மூலைகளில் மஞ்சள் தடவுவதும், மரணச் செய்தி தாங்கியதன் மூலைகளில் கறுப்பு மை தடவுவதும் நம்மவர் வழக்கம். பின்னதைப் படித்தவுடன் கிழித்தெறிந்துவிடுவார்கள், வீட்டில் வைக்கமாட்டார்கள். ஆகையால் அத்தகைய கார்டுகள் எஞ்சியிருப்பது அபூர்வம். அபூர்வம் என்பதற்காக அவற்றை ஏலப் பொருளாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. அந்த மூலையை அந்தக் குடும்பத்தார் எந்த மனநிலையில் பார்த்தார்களோ, அதற்குரிய மரியாதை இன்னும் தீரவில்லை. பொதுவாகவே, கார்டை முழுதாக வையுங்கள் என்று சொல்லும் நான், அதில் எழுதியிருப்பதையெல்லாம் ஊரறியக் காட்டுங்கள் என்று சொல்லவில்லை. கடன் தகராறும், கலியாணம் தட்டிப்போன வருத்தமும், நோயும், பிணக்கும் அந்த நாலு விரற்கடை இடத்தில் எழுதப்பட்டிருக்கும். எழுதியவரின் பேரன் பேத்திகள் இன்று நம்மிடையே வாழ்கிறவர்கள். அவர்களுடைய சம்மதமின்றிப் பெயர் விளங்கக் காட்சிக்கு வைப்பது முறையன்று. விலாசப் பக்கத்தைக் காட்டி மறுபக்கத்தை மறைக்கக் காகிதம் ஒன்று போதும்.

இனி, எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடமேது என்று நீங்கள் கேட்பது நியாயமே. வங்கிகளும் கம்பெனிகளும் ஆயிரக்கணக்கில் அனுப்பும் இக்காலத்து உறைகளில், முத்திரையும் மங்கி விழுந்திருந்தால், தபால்தலையைக் கழுவி எடுப்பதால் உலகம் ஒன்றையும் இழந்துவிடாது. சிறுவர்கள் அவற்றைக் கொண்டே பழகட்டும். ஆனால் சுதந்திரத்துக்கு முற்பட்டது எதுவாயினும், வெளிதேசத்திலிருந்து வந்தது எதுவாயினும், தணிக்கை அதிகாரியின் முத்திரையோ விலாசம் திருத்திய குறிப்போ திருப்பியனுப்பிய குறிப்போ உள்ளது எதுவாயினும், அதில் கை வைக்குமுன் அறிந்தவர் ஒருவரைக் கேளுங்கள். தண்ணீரைப் பற்றி வேறோர் அபாயமும் உண்டு. முத்திரையை எவரும் துடைத்து ஏமாற்றாதபடி, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துப் பழைய தபால்தலைகளில் சில, ஈரம் பட்டால் கரையும் மையினால் வேண்டுமென்றே அச்சிடப்பட்டவை. ஊறவைத்தால் நிறமே போய்விடும்.

காப்பாற்றும் முறை கடினமானதன்று. செல்லோடேப்பும் கோந்தும் கார்டின் அருகே வரக் கூடாது. புகைப்படம் வைக்கும் மூலைகளில் செருகினால் போதும். பிளாஸ்டிக் உறைகளில் பி.வி.சி. வகையைத் தவிர்த்துப் பாலியெஸ்டர் வகையைக் கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரமும், எந்தக் காலத்திலும் இராமபாணப் பூச்சியும் பகைவர்கள். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து காற்றாட விடுவதே கைகண்ட மருந்து. ஒவ்வொன்றும் எந்த ஊரில், எந்த வீட்டிலிருந்து கிடைத்தது என்பதைக் கார்டின்மேல் எழுதாமல் தனித் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள்.

பழையதைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசினேன். புதியதை உண்டாக்கும் பாக்கியமும் உங்களுக்கு இருக்கிறது. 1874-ஆம் வருஷம் அக்டோபர் 9-ஆம் தேதி சுவிட்ஸர்லாந்தின் பெர்ன் நகரத்தில் 22 தேசங்கள் கூடி, தங்கள் எல்லைகளையெல்லாம் கடிதப் போக்குவரத்துக்கு ஒரே பிரதேசமாகக் கருதுவது என்று உடன்படிக்கை செய்துகொண்டன. இரண்டு வருஷத்தில் இந்தியாவும் சேர்ந்தது. அதன் பயனாகத்தான், உங்கள் ஊர்த் தபாலாபீசில் வாங்கிய தபால்தலையை ஒட்டிய கார்டை, பின்லாந்திலோ சிலியிலோ உள்ள தபால்காரர் மேற்கொண்டு காசு கேளாமல் வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். வெளிதேசத்து நண்பர்களோடு கார்டு பரிமாறிக்கொள்ளும்போது, உறைக்குள் வைத்துப் புதுக் கார்டாக அனுப்பும்படி கேளாதீர்கள். கார்டிலேயே தபால்தலை ஒட்டி, நாலு வரி எழுதி, தபாலில் போடச் சொல்லுங்கள். முனை சற்று மடங்கி வந்தாலும் பாதகமில்லை. நீங்கள் அனுப்புவதையும் பெட்டியில் போட்டுவிட்டு வராமல் தபாலாபீஸ் ஜன்னலில் கொடுத்து, முத்திரையைத் தெளிவாக, பாதி தபால்தலையிலும் பாதி கார்டிலுமாக விழும்படி குத்தச் சொல்லிக் கேளுங்கள். விஷயத்தை விளக்கினால் பெரும்பாலான ஊழியர்கள் பிரியமாகவே செய்கிறார்கள். ஊரும் தேதியும் உங்கள் கையால் எழுதுங்கள். அன்று மழை பெய்ததா, நெல் என்ன விலை விற்றது, பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று ஏதேனும் ஒன்றைத் தமிழிலேயே எழுதலாம். பெறுபவர் பொருளைப் பக்கத்தில் குறித்துக்கொள்வார்.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கம்பியில் கோத்த பழைய கடிதக் கட்டு ஏதேனும் இருக்குமானால், இந்த மடலைப் பெற்ற கையோடு அதைக் கீழே இறக்கித் தூசு தட்டி, வரிசை கலையாமல் ஒரு காகித உறையில் இட்டு வைக்குமாறு மீண்டும் வேண்டிக்கொள்கிறேன். பிரித்துப் படிப்பதற்கும் ஆராய்வதற்கும் பிறகு காலம் உண்டு.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
சக சேகரிப்பாளன்